ஒரு முதலெழுத்தால் உயிர்பெற்றவர்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் மொன்றியல் கிளை இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, தென் ஐரோப்பாவின் கடன் நெருக்கடியைப் பற்றி, அதன் காரணங்களையும் விளைவுகளையும் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். நான் பொருளியல் சிறப்புப் பட்டதாரி. அந்த நெருக்கடி நிலவிய ஆண்டுகள் முழுவதும் கிரேக்க, போர்த்துக்கேய, இத்தாலிய ஓய்வூதியக் கோப்புகள் என் மேசையில் இருந்தன. எழுதுவதற்குத் தகுதி உண்டு என்றே நினைத்தேன். பாதிக் கட்டுரையை எழுதியும் முடித்திருந்தேன்.

அந்த நிலையில் என் பழைய அலுவலகத்திலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். நம்மவர், பெயர் வேண்டாம். இனிமேல் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழுக்காக எந்த முதியவரும் நேரில் வரத் தேவையில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்துக் கண் சிமிட்டினால் போதும் என்று அறிவித்தார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். புதிதாகச் சேர்பவர்களுக்கு, எப்படி எழுதக்கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு பழைய சான்றிதழின் பிரதியை இன்னமும் காட்டுகிறார்களாம். கையொப்பம் தெரியாதபடி அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருக்கிறதாம்.

"அது மதாம் பெலான்ஜே விட்ட பிழையாம், அங்கிள். கடைசி காலத்தில அவவுக்குக் கண் வடிவாத் தெரியேல்லையாம்."

மதாம் பெலான்ஜே என் மேலதிகாரியாக இருந்தவர். காலமாகிவிட்டார். அவருடைய கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு, பாதி எழுதிய கட்டுரையை ஒரு பக்கம் ஒதுக்கினேன். எடுத்துக்கொண்ட பொருளை மாற்றவில்லை. அதைச் சொல்லவேண்டிய முறைதான் வேறு என்று பட்டது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பட்டம் பெற்றபின் கொழும்பில் ஓர் அரச அலுவலகத்தில் எட்டு ஆண்டுகள் ஓய்வூதியக் கோப்புகள் பார்த்தேன். நாட்டைவிட்டு மொன்றியலுக்கு வந்து, லாசால் பகுதியில் அட்டைப் பெட்டி செய்யும் ஆலையில் மூன்று ஆண்டுகள் நின்றேன்; நின்றபடியே பிரெஞ்சு படித்தேன். நான்காம் ஆண்டில் டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பல நாடுகளின் ஓய்வூதிய நிறுவனங்கள், இங்கே வாழும் தங்கள் முதியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் வேலையை எங்கள் அலுவலகத்திடம் ஒப்படைத்திருந்தன. அங்கே இருபத்தாறு ஆண்டுகள். ஓர் உத்தியோகத்தரின் கவனக்குறைவால் பயனாளர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அவருடைய சேவைக் கோப்பில் ஒரு மஞ்சள் தாள் இடப்படும். அதைப் பிழைச் சீட்டு என்போம். இருபதாம் ஆண்டு வரையில் என் கோப்பில் அப்படி ஒன்று இருந்ததில்லை. அடுத்த பிரிவுத் தலைவர் நான்தான் என்று எல்லோரும் அறிந்திருந்தார்கள், நானும் அறிந்திருந்தேன்.

என் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் இராசநாயகம். தகப்பனார் சின்னத்துரை. இந்த நாட்டுக்கு வந்த நாளில், குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குள் தகப்பனாரின் பெயரைப் போட்டார்கள். அன்று முதல் அலுவலகத்திலும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் நான் மிஸ்யூ சின்னத்துரை, அதாவது திரு. சின்னத்துரை. முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. இங்குள்ள நம்மவரில் பாதிப்பேர் தகப்பன்மாருடைய பெயருக்குத்தான் பதில் சொல்கிறோம்.

மதாம் பெலான்ஜேயின் நடைமுறை மிகத் திட்டமானது. வருகிறவரை முதலில் உட்காரவைக்க வேண்டும். குளிர்காலமென்றால் தொப்பியையும் கழுத்துத் துணியையும் கழற்ற நேரம் கொடுக்க வேண்டும். அவர் கொண்டுவந்த ஆவணங்களை வாங்கி, எழுத்துத் தெரியாதபடி மேசைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு முகத்தைப் பார்த்து, உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதை முழுமையாக எழுதியபின்தான் ஆவணங்களை நிமிர்த்தலாம். ஆவணமும் வாய்ச்சொல்லும் ஒத்துப்போகாவிட்டால் எதையும் திருத்தக்கூடாது. இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். எழுத்தில் பிழை விட்டால் ஒரே கோடு, பக்கத்தில் சிறு கையொப்பம், திகதி. பிழையை மறைக்கும் வெள்ளை மை எங்கள் பிரிவுக்குள் வந்ததே இல்லை.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களுடைய படிவங்களை வாசிக்கும்போது ஓர் உருக்கு அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, வரிக்குக் கீழே வைத்து, வரிவரியாக இறக்கிக்கொண்டு போவார். அடிமட்டம் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அந்த வரியை எழுதியவர் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அப்போது அவர் கேட்பது ஒரே கேள்வி: "உங்கள் முன்னால் இருந்தவர் யார்?"

இந்த நடைமுறையில் ஒரு படியை நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. வயதான பெண்களிடம் பெயர் கேட்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. எங்களூரில் மூத்த பெண் ஒருவரை நேருக்கு நேர் பார்த்து உம்முடைய பெயர் என்ன என்று கேட்பவன் மரியாதை தெரியாதவன். இன்னாருடைய தாயார், இன்னாருடைய மனைவி என்று அறிந்துகொள்வோம். ஆகவே மூதாட்டிகள் வந்தால் ஆவணங்களைக் கவிழ்க்காமல், அவற்றைப் பார்த்தே எழுதிவிடுவேன். எத்தனையோ ஆண்டுகள் இதனால் ஒன்றும் நேரவில்லை.

இனி நெருக்கடிக்கு வருகிறேன். கிரேக்கர் சோம்பேறிகள், இருந்து சாப்பிட்டே நாட்டை அழித்தார்கள் என்று நம்மவர் சிலர் கோயில் மண்டபத்தில் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் அதை மறுக்கிறேன். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்தவர்களின் கோப்புகள் அவை.

யூரோ என்ற பொது நாணயத்தில் சேர்ந்ததும், வட ஐரோப்பியச் செல்வ நாடுகளுக்குக் கிடைத்த வட்டிக்கு ஏறக்குறைய சமமான மலிவு வட்டியில் கிரேக்கத்துக்கும் கடன் கிடைத்தது. யூரோ நாடொன்று கடனைத் திருப்பத் தவறாது என்று எண்ணி வங்கிகள் கேள்வியின்றிக் கொடுத்தன; அரசாங்கங்கள் தயக்கமின்றி வாங்கின. வசதியானவர்களிடம் வரி சரியாக அறவிடப்படவில்லை. வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைக் குறைத்துக் காட்டும் அறிக்கைகள் ஆண்டுதோறும் ஐரோப்பியத் தலைமையகத்துக்குப் போயின. அவை தாமாக எழுதப்பட்டவை அல்லவே. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் கையொப்பமிட்டிருப்பார். உலகெங்கும் வங்கிகள் ஆட்டங்கண்ட பிறகு, புதிதாக வந்த ஓர் அரசாங்கம் உண்மையான பள்ளம் மிகப் பெரியது என்று ஒப்புக்கொண்டது. கடன் கொடுத்தவர்கள் ஒரேயடியாக விலகினார்கள். சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம். அந்த வழியும் இல்லை. மீட்புக் கடன் வந்தது. அதில் பெரும்பகுதி பழைய கடன்காரரிடமே திரும்பிப் போயிற்று. நிபந்தனைகள் மக்களிடம் தங்கின. சம்பளமும் ஓய்வூதியமும் திரும்பத் திரும்ப வெட்டப்பட்டன. வேலை இழந்தவர்கள், சிறிது காலத்தில் வைத்தியக் காப்புறுதியையும் இழந்தார்கள்.

எல்லா நாடுகளுக்கும் ஒரே காரணம் என்றும் சொல்லக்கூடாது. ஸ்பெயினில் அரசைவிட வீடு கட்டியவர்களும் வாங்கியவர்களும்தான் கடனில் மூழ்கினார்கள். போர்த்துக்கல் பல ஆண்டுகளாக வளராமலே கடன் வாங்கியது. இத்தாலியின் கடன் மிகப் பழையது. ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களின் முகத்தில் இந்த வேறுபாடு தெரியவில்லை. கட்டட வேலை செய்து முதுகு வளைந்த ஒரு போர்த்துக்கேயர், உயிரோடு இருக்கிறார் என்று நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "பென்சனை வெட்டிவிட்டார்கள், மிஸ்யூ. முக்கால்வாசிதான் உயிரோடு இருக்கிறார் என்று எழுதுங்கள்" என்றார். நான் சிரிக்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை என்று பதில் சொன்னேன். அதற்கு அவர்தான் சிரித்தார்.

செலவைக் குறைக்கும் முயற்சியில் கிரேக்க அதிகாரிகள், இறந்துபோன பலருக்கும் ஓய்வூதியம் போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். உடனே எல்லா ஓய்வூதியரையும் புதிதாகக் கணக்கெடுக்க உத்தரவு வந்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் புதிய சான்றிதழ் அனுப்ப வேண்டும்; சந்தேகமானால் கொடுப்பனவு நிறுத்தப்படும். அதே ஆண்டில் எங்கள் பிரிவின் கிரேக்க உத்தியோகத்தர் ஓய்வுபெற்றார். அவருடைய கோப்புகள் என்னிடம் வந்தன. பெட்டி பெட்டியாக வந்தன.

அவற்றில் ஒன்று திருமதி ஸ்டிலியானி லஸ்காரியின் கோப்பு. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஓர் இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் மகனோடு இருந்தார். மகன் அமெரிக்காவுக்குப் பாரவண்டி ஓட்டுகிறவர். கிழமைக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கணவர் ஸ்டிலியானோஸ் லஸ்காரிஸ் கிரேக்கத்தில் ரயில் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பின் இருவரும் மகனிடம் வந்தார்கள். கணவர் இங்கே காலமானார். அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பங்கு, அவருடைய இலக்கத்தின் கீழேயே, விதவைக்கு வந்துகொண்டிருந்தது.

வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தவர் புவனா. யாழ்ப்பாணத்துக்காரர், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை. மூதாட்டியைக் கையைப் பிடித்து மெட்ரோவில் அழைத்துவந்தவர் அவர்தான். தமிழர் என்று கண்டு, நான் இராசநாயகம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டேன். மூதாட்டி முழுக் கறுப்பில் இருந்தார். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு உடைந்த பிரெஞ்சில் ஏதோ சொன்னார். புவனா வாயைப் பொத்திக்கொண்டார். என்ன என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. நீங்கள் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்த ஆள் மாதிரி இருக்கிறியளாம். தான் இன்னும் சாகேல்லையாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. வேலையை விரைவாக முடிக்க நினைத்தேன். ஆவணங்களைக் கவிழ்க்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. இந்த நாட்டு அடையாள அட்டையில் ஸ்டிலியானி லஸ்காரிஸ் என்றிருந்தது. கிரேக்கக் கடவுச்சீட்டில் ஸ்டிலியானி லஸ்காரி. ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று முடிவுசெய்தேன். படிவத்தில் பெயருக்கான கட்டம் சிறியது. எங்கள் வழக்கப்படி முதற்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி, எஸ். லஸ்காரிஸ் என்று அழகாக எழுதினேன். அதன் கீழே ஓய்வூதிய இலக்கம். பிறந்த திகதிக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. மேற்படி நபர் என் முன்னிலையில் உயிரோடு இருந்தார் என்று கையொப்பமிட்டேன்.

நம்முடைய வாசகருக்கு இதிலுள்ள பிழை உடனே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. நமக்கு முதலெழுத்து தகப்பனுடையது. அதற்குப் பின்னால் வருவதுதான் ஆளின் சொந்தப் பெயர். ஆகவே எந்தப் பெயரைக் கண்டாலும் முன்னால் இருப்பதைச் சுருக்குவதும் பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவதும் எங்கள் கைக்குப் பழக்கம். கிரேக்கரிடம் முன்னால் இருப்பதே ஆள். பின்னால் வரும் குடும்பப் பெயரோ, ஆணுக்கு லஸ்காரிஸ் என்றும் பெண்ணுக்கு லஸ்காரி என்றும் முடியும். நான் ஆளைச் சுருக்கி, பெண்ணை ஆணாக்கியிருந்தேன். எஸ். லஸ்காரிஸ் என்று அந்த இலக்கத்தின் கீழே உலகில் ஒருவர்தான் இருக்க முடியும். ரயில் ஓட்டிய ஸ்டிலியானோஸ். அவரை நான் உயிர்ப்பித்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் ஏதென்ஸிலிருந்து கடிதம் வந்தது. இறந்ததாகப் பதியப்பட்டவர் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கூறுவதால், விதவைக்கான கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. மோசடி நோக்கம் உண்டா என்று விசாரிக்கப்படும். கடிதத்தை வாசித்த அன்றே எனக்கு விடயம் விளங்கிவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்: அன்றே விளங்கிவிட்டது.

ஆனால் நான் எழுதிய பதில் வேறு. இந்த நாட்டின் செல்லுபடியான அடையாள அட்டையில் காணப்படும் குடும்பப் பெயரே சான்றிதழில் உள்ளது என்றும், முதலெழுத்தைத் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பொருள்கொள்வது பெறுநரின் பொறுப்பு என்றும் எழுதினேன். ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. பதில் வரவில்லை. அங்கே ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம். நான் அழைத்தபோதெல்லாம் அங்கே தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

நான்காவது கிழமையில் புவனா மூதாட்டியை மீண்டும் அழைத்துவந்தார். கிரேக்கத்தின் பாத்ராஸ் நகரில் இருக்கும் மகளுக்கு அந்தப் பணம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன். மருமகன் வேலை செய்த கட்டடக் கம்பனி கடைசி எட்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே மூடப்பட்டிருந்தது. மகளுக்கும் வேலை இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள். நான்கு பேரும் ஒரு விதவையின் ஓய்வூதியத்தில் இருந்தார்கள்.

"அண்ணை, மருமகனுக்குச் சலரோகம். இன்சுலின் ஊசி போடுறவர். இப்ப காப்புறுதி இல்லை, மருந்தைக் காசுக்குத்தான் வாங்க வேணும். பென்சன் நிண்டாப்பிறகு ஊசியைப் பாதியாக் குறைச்சுப் போடுறாராம்."

"மகன் இங்க உழைக்கிறார் தானே?"

"அவரும் அனுப்புறார்தான். லொறி லோனும் கட்டி வாடகையும் குடுத்து எவ்வளவு அனுப்புறது? அதை விடுங்கோ. எங்க அண்ணை பிழை? உங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?"

ஏதென்ஸ் அலுவலகம் ஆவணங்களைச் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். புவனா அதை மூதாட்டிக்குச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, தன் நாட்டு அரசாங்கமும் இப்படித்தான், காகிதம் எப்போதும் சரியாகவே இருக்கும் என்று சொன்னதாகப் புவனா மொழிபெயர்த்தார். முதல் நாள் இருந்த கேலி அந்தக் குரலில் இல்லை.

அன்று பிற்பகல் மதாம் பெலான்ஜே என்னை அழைத்தார். சான்றிதழின் பிரதி அவர் மேசையில் இருந்தது. அடிமட்டம் இரண்டாவது வரியின் கீழே நின்றது.

"உங்கள் முன்னால் இருந்தவர் யார்?"

"திருமதி ஸ்டிலியானி லஸ்காரி."

"அது எங்கே எழுதியிருக்கிறது?"

எங்கள் முதலெழுத்து வழக்கத்தை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார், குறுக்கிடவில்லை. பிறகு, அந்தப் பெண் தன் பெயரைத் தன் வாயால் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பிரிவுத் தலைவர் என்ற முறையில் தானே ஒரு திருத்தக் கடிதம் அனுப்பலாம் என்றும், ஆனால் அறையில் இருந்தவர் எழுதினால் ஒழிய ஏதென்ஸ் நம்பாது என்றும் சொன்னார். நான் எழுதினால் பிழைச் சீட்டும் எழுதவேண்டியிருக்கும். அதையும் மறைக்காமல் சொன்னார்.

ஏதென்ஸின் பதிலுக்குச் சில நாட்கள் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் அடிமட்டத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். "கையொப்பம் உங்களுடையது, மிஸ்யூ சின்னத்துரை" என்றார். மேலும் மூன்று கிழமைகள் போயின. அந்த மூன்று கிழமைகளிலும் என் மேசையில் வேறு வேலைகள் நேரத்துக்கு முடிந்தன என்பதைக் குறிப்பிட வெட்கப்படுகிறேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். வழக்கமாக அங்கேதான் கத்தரிக்காய் வாங்குவேன். புவனா வேலை செய்யும் கடையென்று தெரியும். அன்று அவர் விடுமுறை என்று நினைத்திருந்தேன். ஒரு பெட்டி தக்காளிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால், கடைக்காரர் பெயர் எழுதிய துண்டைப் பார்த்து உரக்க, மிஸ்யூ சின்னத்துரை என்று கூப்பிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் புவனா.

"சின்னத்துரை ஆர் அண்ணை? நீங்கள் இராசநாயகம் எல்லே?"

"ஐயாவின்ர பேர்."

"இருக்கிறாரோ?"

"இல்லை. ஊரிலயே மோசம் போயிட்டார்."

புவனா பெட்டியை என் கையில் வைத்தார். கோபமாக முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"அப்ப செத்த மனுசன்ர பேரில நீங்கள் இருபது வரியமாச் சம்பளம் எடுக்கிறியள். ஒருத்தரும் விசாரணை வைக்கேல்லை. அந்தக் கிழவி தன்ர பேரில எடுத்தது களவோ?"

பக்கத்தில் இரண்டு தமிழர்கள் நின்றார்கள். ஒருவர் எங்கள் சங்கத்தைச் சேர்ந்தவர். மலரை வாசிக்கும்போது அவருக்கும் நினைவு வரும். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தக்காளிப் பெட்டியோடு மெட்ரோவில் லாசாலில் உள்ள வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்றைத் தேடினேன்.

திங்கட்கிழமை காலையில் எழுதினேன். சான்றிதழில் உள்ள பெயர் தவறு, தவறு என்னுடையது, என் முன்னால் இருந்தவர் ஸ்டிலியானி லஸ்காரி என்ற பெண், அவரிடம் நான் பெயர் கேட்கவில்லை. நான்கு வாக்கியங்கள். எழுதியவரின் பெயரையும் அவருடைய தந்தையின் பெயரையும் கிரேக்கர் கேட்பது வழக்கம். முதலெழுத்தைத் தவிர்த்து, இரண்டையும் முழுமையாக எழுதினேன். மதாம் பெலான்ஜே அடிமட்டத்தை வைத்து வாசித்தார். எந்த வரியிலும் நிற்கவில்லை. பிறகு மஞ்சள் தாளை எடுத்து, என் முன்னாலேயே பிழைச் சீட்டை எழுதினார்.

அன்று பிற்பகலே புதிய சான்றிதழுக்கு மூதாட்டியை வரவழைத்தேன். தொப்பியைக் கழற்ற நேரம் கொடுத்தேன். ஆவணங்களைக் கவிழ்த்து வைத்தேன். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் புவனாவைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல ஒவ்வோர் அசையாகச் சொன்னார். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்து வெள்ளைப் பகுதிவரை எழுதிக்கொண்டு போனேன். எழுதி முடித்ததும் அவர் தன் விரலை அந்தப் பெயரின்மேல் வைத்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார். மதாம் பெலான்ஜேகூட அத்தனை நேரம் எடுத்ததில்லை. மருமகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மூதாட்டி புவனாவிடம் ஏதோ சொன்னார். "இருக்கிறாராம்" என்றார் புவனா.

கொடுப்பனவு அடுத்த மாதமே திரும்ப வந்தது. இடையில் நடந்த இன்னொரு வெட்டுக்குப் பிறகு, முன்னிலும் குறைவாக. மூதாட்டி அதன்பின் நான்கு ஆண்டுகள் வந்தார். என்னை மிஸ்யூ சின்னத்துரை என்று அவர் கூப்பிடவில்லை. தட்டுத் தடுமாறி, இராசா என்று கூப்பிட்டார். ஐந்தாம் ஆண்டில் மகன் மட்டும் வந்தார். அதற்குரிய மற்றப் படிவத்தை, முழுப் பெயரோடு, நானே எழுதினேன். பிரிவுத் தலைவர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் முறைப்பாடு செய்ததில்லை, இப்போதும் செய்யவில்லை.

நான் ஓய்வுபெற்ற கோடையில் சந்தையில் புவனாவைக் கண்டேன். இப்போது அவர் சொந்தமாக ஒரு கடை வைத்திருக்கிறார். பழைய கதைகளுக்கு நடுவில், பாத்ராஸில் இருக்கும் மருமகனுக்கு அந்த நாட்களில் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது என்று சொன்னார். எப்போது என்று கேட்டேன். நான் அந்த நான்கு வாக்கியங்களை எழுதிய திங்கட்கிழமைக்கு முந்திய கிழமை.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அந்த அம்மாதான் வேண்டாம் எண்டவ. 'முதல்ல பேரை ஒழுங்கா எழுதட்டும். சொன்னா அந்த மனுசன்ர கை நடுங்கும்' எண்டு. பிறகும் சொல்ல விடேல்லை. உங்களுக்கு ஏன் அண்ணை எண்டு நானும் விட்டிட்டன்."

ஊசி மருந்து எப்போது குறைக்கப்பட்டது, புண் எப்போது வந்தது, முதல் நாளே எழுதியிருந்தால் அந்த விரல்கள் தப்பியிருக்குமா என்பதையெல்லாம் ஒரு வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு நாடு கடனில் விழுந்ததற்கும், ஓர் அரசு காப்புறுதியைப் பறித்ததற்கும், ஒரு கம்பனி சம்பளத்தைக் கொடுக்காததற்கும் நான் பொறுப்பல்ல. ஏழு கிழமைகள் என்னுடையவை.

நெருக்கடியின் காரணங்களை எழுதுகிறவர்கள் வட்டி, வரி, நாணயம் என்று எழுதுகிறார்கள். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், அவை சரியானவை. அந்த எண்களைக் குறைத்துக் காட்டிய தாள்களில் கையொப்பமிட்ட எழுத்தர்களைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. அவர்களில் பலர் என்னைப்போல ஒழுங்கானவர்களாகவும், நேரத்துக்கு வேலைக்குப் போனவர்களாகவும் இருந்திருக்கக்கூடும்.

பழைய அலுவலகத்துக்கு நேற்று ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். பயிற்சிக்குக் காட்டும் தாளில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். மதாம் பெலான்ஜே தம் பிரிவுக்குள் வெள்ளை மையை அனுமதிக்காதவர் என்பதையும், அந்தத் துண்டின் கீழே இருக்கும் கையொப்பம் யாருடையது என்பதையும் தெரிவித்திருக்கிறேன். இந்த மலரின் ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரையாளர் பெயர்களை முதலெழுத்தோடு அச்சிடுவது நமது சங்கத்தின் மரபு என்று அறிவேன். இந்த ஒரு கட்டுரைக்கு அதைத் தளர்த்தி, கீழே உள்ளபடியே அச்சிடுங்கள்.

இராசநாயகம்
தந்தையின் பெயர்: சின்னத்துரை, காலமானவர்